கல்கண்டுத் தட்டு

ஆசாரி இன்னும் வந்தபாடில்லை. கீழே வண்டியை நிறுத்த இடமில்லாமல் தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறாராம், இதோ வந்துவிட்டாராம், என்று அக்கா வீட்டுக்காரர், மாமா, ஹால் வாசலில் நின்று கத்திச் சொல்லிவிட்டு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மறுபடி படியிறங்கிப் போனார். அவருக்கென்ன, போவார், வருவார். மணையில் உட்கார்ந்துவிட்ட பரணி எங்கே போக முடியும்? காது குத்தி முடிகிறவரை தாய்மாமன் எழுந்திருக்கக் கூடாது, பிள்ளை மடியை விட்டு இறங்கக் கூடாது. மடியில் அக்கா மகள் மிருது, மூன்றாவது வயது நடக்கிறது, உச்சியில் இரண்டு குடுமியோடு, பட்டுப்பாவாடையின் ஜரிகை அவன் முழங்கையில் உராய, கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் வெள்ளித் தட்டு. தட்டில் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, கல்கண்டு. அதைப் பார்க்கக் கூடாது. சரி, பார்க்கவில்லை. வேறு என்ன இருக்கிறது பார்க்க? சுவரில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய மிருதுவின் பெயர், பலூன் வளைவு, ஏசிக்கு நேரே இடம்பிடித்த பெரியவர்கள், பக்கத்து அறையில் இலை போடுகிற சத்தம். எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தாயிற்று. கண் திரும்ப வந்து தட்டில் உட்கார்ந்துகொண்டது. பாவி மாமா. டைமண்ட் கல்கண்டு என்று சின்னச் சின்னதாக, ஒரே அளவில், பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி விற்கிறானே, அதை வாங்கித் தொலைத்திருக்கக் கூடாதா? கடையில் தீர்ந்துவிட்டது என்று பெரிய கல்கண்டை நூலோடு வாங்கிவந்து, காலையில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அம்மிக்குழவியால் உடைத்தார். உடைந்தது என்றால் எப்படி, கோணலும் மாணலுமாக, ஒரு பக்கம் கூராக, ஒரு பக்கம் தட்டையாக, வெளிச்சம் பட்டால் உள்ளே நீர் நிற்கிற மாதிரி. அச்சு அசல் அதே. இதைப் போய் சபையில் முதல் தட்டாக வைத்திருக்கிறார்கள்.

அக்கா எல்லாவற்றையும் ஒளித்துவைத்தவள். அவனைப் போதை மறுவாழ்வு மையத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருகிற அன்றைக்கு டாக்டர் ரெஹானா அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியனுப்பினார்: எதைப் பார்த்தால் ஞாபகம் வருமோ அதெல்லாம் வீட்டில் கண்ணில் படக் கூடாது. அன்றே அக்கா அடுப்பு லைட்டரைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள், தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். சப்பாத்தி சுற்றும் வெள்ளித்தாள் போயிற்று, மாமா ஆபீசுக்கு வாழையிலையில் சுற்றிய சப்பாத்தியோடு போகிறார், நண்பர்கள் கேலி செய்கிறார்களாம். பழைய பல்பை மாற்றினால்கூட அவன் பார்க்காமல் கொண்டுபோய்க் குப்பையில் போடுகிறாள். அத்தனையும் யோசித்தவளுக்குக் கல்கண்டு மட்டும் தோன்றவில்லை, எப்படித் தோன்றும், அவள் அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்ததேயில்லையே. பார்த்தவனுக்குத்தான் தெரியும். பார்த்தவனுக்கும் கண்ணில் தெரிவது அப்புறம்தான். முதலில் நாக்கடியில் எச்சில் ஊறுகிறது, பிறகு மார்பில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, யாரு யாரு என்று உள்ளே இருக்கிற அத்தனை பேரும் எழுந்து ஓடுகிறார்கள். இத்தனை நாளாக எதற்கும் எழுந்திருக்காதவர்கள். பிரியாணிக்கு எழுந்திருக்காதவர்கள், மழைக்கு எழுந்திருக்காதவர்கள், இந்தப் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டபோதுகூட அசையாமல் படுத்துக்கிடந்தவர்கள். ஒரு தட்டு சர்க்கரைக்கு எழுந்து நிற்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

டாக்டர் அதைப் புயலை வைத்துச் சொன்னார். மூளைக்குள்ளே தெருத்தெருவாகக் கம்பி போகுது பரணி, இது வேணும்னு கத்துறவன் ஒரு தெருவுல இருக்கான், கொஞ்சம் பொறு தம்பின்னு தோளைத் தொடுறவன் இன்னொரு தெருவுல இருக்கான், சும்மா இருக்கும்போது பழசையே அசை போடுறவன் ஒருத்தன் இருக்கான், இப்ப புயல் அடிச்சு ஓய்ஞ்சிருக்கு, கம்பியெல்லாம் அறுந்து கிடக்கு, பொறுன்னு சொல்றவன் பேச்சு மத்தவனுக்குக் கேக்கல, அவன் இருட்டுல தனியா கத்திட்டிருக்கான், அசை போடுறவனும் அவனும் கூட்டுச் சேர்ந்துட்டாங்க, அவ்வளவுதான், நீ கெட்டவன்னு அர்த்தம் இல்ல. கரண்ட் எப்ப டாக்டர் வரும் என்று அவன் கேட்டான். புயலுக்கப்புறம் உங்க ஏரியாவுல எப்படி வந்துச்சு, ஒரே நாள்லயா வந்துச்சு, ஒவ்வொரு தெருவாத்தானே வந்துச்சு, என்றார். அது வாஸ்தவம்தான். அவர்கள் தெருவுக்குத்தான் கடைசியில் வந்தது. எதிர்வரிசையில் டிவி ஓடுகிற சத்தம் கேட்க, இந்த வரிசையில் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. இப்போதும் அப்படித்தான். எதிரே எல்லாரும் சிரிக்கிறார்கள், சந்தோஷம் என்று ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது, இந்தப் பக்கம்தான் வரவில்லை. வருமோ வராதோ. வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்ததும் கால் ஆட ஆரம்பித்துவிட்டது, தானாக, முழங்காலிலிருந்து, கிடுகிடுவென்று. மணையில் உட்கார்ந்து காலாட்டக் கூடாது. அக்காவின் மாமியார் அதற்குள் பார்த்துவிட்டார். "மஞ்சுளா, உன் தம்பிய கால ஆட்டாம இருக்கச் சொல்லும்மா. நல்ல காரியத்துல என்ன இது." அக்கா வாயைத் திறக்குமுன் மடியிலிருந்தவள் திறந்துவிட்டாள். "ஆன! மாமா, ஆன போ!" அவளுக்கு இது யானைச் சவாரி. குடுமிகள் குதிக்க, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் போ" என்கிறாள். சபையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு பந்தி அறைப் பக்கம் போனவள், கதவருகில் நின்று திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பார்வை. அதை மட்டும் அவனால் தாங்க முடிவதில்லை. வேறு யாராவது அப்படிப் பார்த்தால் போடா என்று போய்விடலாம். அவனை ஓர் அறையில் விட்டுவிட்டு எங்கே போனாலும் அக்கா கதவுவரை போய்த் திரும்பிப் பார்க்கிறாள். முதலில் அவனை, பிறகு அவன் கை எட்டுகிற தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்று. கோபம் கிடையாது அதில், கோபமிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். பால் பொங்கிவிடுமோ என்று அடுப்பைப் பார்க்கிற பார்வை, அவ்வளவுதான். முன்பெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தவளா? கல்யாணமாகிப் போன அன்றுகூட மண்டபத்து வாசலில் அவன் தேம்பிக்கொண்டு நிற்க, விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிக்கொண்டவள். திரும்பிப் பார்த்தா அழுதுடுவேன்டா, அதான் பாக்கல, என்று அப்புறம் போனில் சொன்னாள். அந்த அக்காவை அவன்தான் இப்படி ஆக்கினான். மிருது பிறந்தபோது தாய்மாமன் சீராக வெள்ளி அரைஞாண் போட்டவன் அவன். கல்யாண வீடியோ எடிட்டிங்கில் சம்பாதித்த சொந்தக் காசு. போட்டவனே ஒரு மத்தியானம், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது, கொக்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். அவள் விழிக்கவேயில்லை. வயிறு கதகதவென்று மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, விரல்முட்டி அதில் பட்டது, பட்டும் ஒன்றும் தோன்றவில்லை, சீக்கிரம் சீக்கிரம் என்பதைத் தவிர. அந்தக் கதகதப்பு இப்போதுதான் வந்து உறைக்கிறது. சீர்த்தட்டில் இன்று பளபளவென்று ஒரு ஜோடித் தோடு இருக்கிறதே, தாய்மாமன் கொண்டுவந்தது என்று மாமியாரிடமும் மற்றவர்களிடமும் அக்கா காட்டிக்கொண்டிருக்கிறாளே, அதை வாங்கியவளும் அவள்தான். அவனிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை, கொண்டுவந்து தட்டில் வைத்து அவன் கையில் கொடுத்து, "பிடிடா நேரா" என்றாள். முதல் பிறந்தநாளுக்கே குத்தவேண்டிய காது. தம்பி இந்த நிலைமையில் இருக்கிறான், பெரியப்பா பையன் ஒருவனை உட்காரவைத்து முடித்துவிடலாமே என்று அந்த வீட்டில் எத்தனை தடவை சொன்னார்கள். என் தம்பி வந்து உட்காருவான், அதுவரைக்கும் எம்பொண்ணு காது மூளியாவே இருக்கட்டும், என்று ஒரே பேச்சு.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. யாரென்று பார்க்கவேண்டியதில்லை. லோகு. காலையில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான், கீழ ஜூஸ் கடைல இருக்கேன், வெச்சிருக்கேன், முடிச்சிட்டு வா, என்று. கூட்டிக்கொண்டு போகிற எமன் மாதிரி லோகுவை நினைக்க முடிந்தால் எவ்வளவு சௌகரியம். லோகு நல்லவன். ஸ்டூடியோவில் ஒரே மேஜையில் வேலை பார்த்தவன், மூன்று கல்யாணத்து வீடியோவை ஒரே வாரத்தில் முடித்தாகவேண்டும் என்று ஓனர் தலையில் கட்டியபோது, தூக்கம் வராம இருக்க இது ஒண்ணுதான்டா வழி, என்று நீட்டியவன், தானும் அதிலேயே மாட்டிக்கொண்டவன். இப்போது ஒரு கிளாஸ் சாத்துக்குடியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். அவன் நீட்டியதை எடுத்த முதல் தடவை. அதை எப்படிச் சொல்வது, சொல்லவும் கூடாது, ஆனால் மனசு சொல்லாமலிருக்கிறதா? யாரோ ஒரு பெண், கழுத்தில் மாலையோடு, தாலி ஏறுகிற நேரம் அப்பாவைத் தேடிக் கண்ணை உயர்த்துகிறாள். அந்த ஒரு பார்வையை அவன் வெட்டினான், ஒட்டினான், மெதுவாக ஓட்டினான், நாதஸ்வரத்தை அதற்கு நேராக இழுத்துவைத்தான், திரும்ப வெட்டினான். விடிந்து, மத்தியானமாகி, மறுபடி இருட்டுகிறவரை அந்த ஒரு பார்வையிலேயே இருந்தான். உலகத்தில் அதைவிட முக்கியமானது எதுவுமில்லை என்றிருந்தது. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் அப்பாவுக்காக அழுதான். அதுதான் வேண்டியிருக்கிறது. பொருள்கூட இல்லை, சத்தியமாக இல்லை. ஏதாவது ஒன்று முக்கியம் என்று தோன்றுகிறதே, அது வேண்டியிருக்கிறது. எதன்மேலாவது ஆசை வரவேண்டும் என்பதற்குத்தான் இத்தனை ஆசை. தவறு, தவறு, இப்படியே பேசிப் பேசித்தான் உள்ளே இருக்கிறவன் கூட்டிக்கொண்டு போவான், டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் முடிவு காலையிலேயே ஆகிவிட்டது. காது குத்துகிறவரை உட்கார்ந்துவிடுவது, அக்காவுக்குக் கொடுக்கவேண்டியது அது ஒன்றுதான், அதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் கேட்க முடியாது. மடி காலியானதும் இறங்கிப் போய்விடலாம். படி, பிறகு தெரு, எதிரே ஜூஸ் கடை. மனசு அந்தப் படிகளில் இறங்கிக்கொண்டேயிருந்தது, இறங்கி முடித்ததும் மேலே வந்து மறுபடி முதலிலிருந்து இறங்கியது.

"மன்னிச்சுக்குங்கம்மா, ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கான்," என்று ஆசாரி வந்தார். கைப்பையைத் திறந்து, தங்கக் கம்பியைத் துடைத்து, மிருதுவின் காதுமடலை விரலால் நீவி, சந்தனத்தில் பொட்டு வைத்துக் குறித்தார். "மாமா, தலைய இறுக்கிப் பிடிச்சுக்கணும். பாவம் பாத்துக் கைய விட்டீங்கன்னா கோணலாப் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் உங்களத்தான் சொல்லும்." அக்கா ஓடிவந்து எதிரே நின்றாள். பிள்ளையின் நெற்றியில் பரணியின் ஒரு கை, தாடையில் ஒரு கை. இந்தக் கையா பிடிக்கப்போகிறது, காலையில் காபி டம்ளரை வைக்கும்போது கடகடவென்று ஆடிய கை. ஆடாதே. பெரிய அதிசயம், ஆடவில்லை. மிருது அண்ணாந்து அவன் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் காதில் என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கு என்ன தெரியும். கம்பி இறங்கியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. வாய் மட்டும் திறந்தது, சத்தம் வரவில்லை, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே போனாள், பிறகு வீறிட்டாள் பாருங்கள், ஏசி நின்றுவிட்டதோ என்று தோன்றியது. கால்கள் அவன் வயிற்றில் உதைத்தன, நகம் கழுத்தில் இறங்கியது. இன்னொரு காது பாக்கி இருக்கிறது. இனி அவளுக்குத் தெரியும். ஒரே தடவையில் கற்றுக்கொண்டுவிட்டாள், ஆசாரியின் கை அசைந்தாலே தலையை மார்புக்குள் புதைக்கிறாள். ஒரே தடவையில் கற்றுக்கொள்வது எப்படி என்று மாமனுக்குத் தெரியாதா, தங்கமே.

"கல்கண்ட வாயில போடுங்கப்பா!" என்று யாரோ சொன்னார்கள். "தாய்மாமன் கையால போடணும்," என்றார் மாமியார். தட்டு அவன் முன்னால் வந்தது, மூக்குக்கு நேராக, அத்தனையும் மினுக்கிக்கொண்டு. அவன் கை நீண்டது. அவன் நீட்டினான் என்று சொல்ல முடியாது. அது விரல்களின் வேலை, அவற்றுக்கு வழி தெரியும். சின்னதை ஒதுக்கின, தூள் ஒட்டியதை ஒதுக்கின, ஓரத்தில் கிடந்த நீளமான, தெளிவான ஒன்றைத் தேடிப் பிடித்து எடுத்தன, எடுத்து, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்து, ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி ஒரு திருப்புத் திருப்பின. கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கிற திருப்பு. காதுகுத்து வீட்டில், சபை நடுவில், பிள்ளை வீறிடும்போது. ஐயோ, பார்த்திருப்பார்களே. யாரும் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் பிள்ளைமேல். அக்காவைத் தவிர. அவள் கண் அவன் விரலிலிருந்து தட்டுக்குப் போயிற்று, தட்டிலிருந்து விரலுக்கு வந்தது, முகத்தில் ரத்தமே இல்லை. புரிந்துவிட்டது அவளுக்கு. லைட்டரை ஒளித்தவள், பல்பை ஒளித்தவள், கடைசியில் தன் கையாலேயே தட்டில் அடுக்கிவைத்தவள். அவன் அவசரமாக அதை மிருதுவின் வாயில் போட்டான். அழுகை அப்படியே பாதியில் நின்றது. கன்னத்தில் கண்ணீரோடு, மூக்கில் சளியோடு, ஒரு பக்கம் உப்பிய வாயோடு சப்பினாள். சப்பிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ அவளுக்கு. தன்னைப்போல இவனும் அழுகிறான் என்று நினைத்தாளோ, அழுதுகொண்டுதான் இருந்தானோ என்னவோ. வாயிலிருந்ததை எச்சிலோடு விரலால் எடுத்து, "மாமா ஆ," என்று அவன் உதட்டில் வைத்து அழுத்தினாள். சபை மறுபடி சிரித்தது. அவன் வாயைத் திறந்தான். நாக்கு காத்திருந்தது. இனிப்பு தெரியவில்லை, இல்லை, இன்னும் இந்தத் தெருவுக்கு வரவில்லை. ஆனால் அது சூடாக இருந்தது. அவள் வாயின் சூடு. அந்த மத்தியானத்து வயிற்றின் அதே கதகதப்பு. அவன் அதைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டான்.

இரண்டாவது காதுக்கு அவள் சும்மா விடுவாளா? ஆசாரி, மாமா, அக்கா என்று மூன்று பேர் சமாதானம் சொல்லியும் தலையைச் சிலுப்பினாள். கடைசியில் பரணி அவளைத் தன் பக்கமாகத் திருப்பி மார்போடு அணைத்து, ஒரு காதை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, "ஆன போகலாமா? மாமா ஆன," என்று சொல்லிக்கொண்டே காலை மட்டும் அசைக்காமல் இரும்பாக வைத்துக்கொண்டான். கம்பி இறங்கியது. சட்டைத் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதாள். வலிக்கும்போது பிடித்துவைத்திருந்தவனையே இறுக்கிக்கொண்டு அழுகிறாளே, தள்ளிவிட வேண்டியவனல்லவா அவன். தோட்டைத் திருகி மாட்டினார்கள். "கோணாம குத்தியாச்சு. மாமன் பிடிச்ச பிடி அப்படி," என்று ஆசாரி எழுந்தார். கைதட்டினார்கள். நாற்காலிகள் இழுபட்டன, கூட்டம் பந்தியைப் பார்த்து நகர்ந்தது. முடிந்தது. கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாயிற்று.

அக்கா குனிந்து கையை நீட்டினாள். "வாடி, அம்மாகிட்ட வா." மிருது வரவில்லை. விக்கிக்கொண்டு அவன் மார்பில் முகத்தைப் புதைத்தாள், கண் சொருகிக்கொண்டிருந்தது. அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவனைப் பார்த்தாள். கல்கண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சரி, உன்கிட்டயே தூங்கட்டும். நான் முதல் பந்திய பாத்துட்டு வரேன்." புடவையைச் சரிசெய்துகொண்டு போனாள். கல்கண்டுத் தட்டு ஸ்டூலில் அப்படியே இருந்தது. பக்கத்தில் சீர்த்தட்டு, அதில் மொய்க் கவர்கள், யாரோ கழற்றிவைத்த பிள்ளையின் வளையல்கள். எல்லாமே கை எட்டுகிற தூரத்தில். அவள் கதவை நெருங்கினாள். இப்போது திரும்புவாள் என்று அவன் கழுத்து விறைத்துக் காத்திருந்தது. அவள் திரும்பவில்லை. விறுவிறுவென்று, கல்யாணத்தன்று போன அதே நடை. நிலையைத் தாண்டிவிட்டாள், பந்தி அறைக்குள் போய்விட்டாள், முந்தானை மட்டும் தெரிந்தது. எத்தனை நாளாக ஏங்கியது இதற்கு. சந்தோஷம் வரவேண்டும், எங்கே சந்தோஷம்? அதற்குப் பதிலாக போன் அதிர்ந்தது, பிள்ளையின் கன்னம் படிந்திருந்த பையில், நீளமாக. தூக்கத்தில் அவள் திடுக்கிட்டுச் சிணுங்கினாள். மனசு எழுந்து படிக்கட்டில் நின்றது. பிள்ளையை அந்த நாற்காலியில் கிடத்திவிட்டால் போதும். யாரும் பார்க்கவில்லை. அக்காகூடப் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது, இத்தனை நாளில் இப்படியொரு பயம் வந்ததேயில்லை.

"அக்கா!"

கத்தியது யார் என்று பந்தியில் இலைமுன் உட்கார்ந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா சாம்பார் வாளியோடு கதவுக்கு வந்தாள். "என்னடா?"

"போகாத." கல்கண்டு கரைந்து நூல் மட்டும் நாக்கில் கிடந்தது. "இங்கயே உக்காரு. என்னைப் பாத்துக்கிட்டே இரு."

அவள் வாளியை வாசலிலேயே மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்து, மணைக்குப் பக்கத்தில் தரையில் பட்டுப்புடவையோடு சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தூங்குகிறவளின் கன்னத்துக்கு அடியிலிருந்து போனை மெதுவாக உருவி எடுத்துத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பந்தியில் யாரோ சாம்பார் கேட்டார்கள்.

"மாமா பாத்துப்பாரு," என்று சொல்லிவிட்டு அக்கா தம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.